அண்ணாவின் மதிலுக்கு இந்தப் பக்கம்

திருகோணமலை
20 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடவுள் காப்பாற்றி இங்கே நானும் ஜெயந்தனும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே பனி எப்படி? உங்கள் முழங்கால் நோவு பற்றி அண்ணிதான் சொன்னா. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முந்தாநாள்தான் போனில் கதைத்தோம். ஆனாலும் போனில் எதைத் தொடங்கினாலும் “சரி சரி, பிறகு கதைப்பம்” என்று முடிந்துவிடுகிறது. நீங்கள் கனடா போன காலத்தில் எங்களுக்குக் கடிதம் ஒன்றுதான் இருந்தது. முக்கியமான விடயம் என்றால் எனக்கு இன்னமும் பேனாதான் கைக்கு வருகிறது.

வீட்டுக்காரர் மறுபடியும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் இருந்த வாடகை வீடுகளை என் சின்னவள் நிரோஷினியிடம் கேட்டால் சுவரின் நிறத்தை வைத்து வரிசையாகச் சொல்லுவாள். நான் மருந்து கொடுக்கும் பாமசியிலும் இதே கதைதான். துறைமுகத்தைச் சுற்றி வேலை இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் இருக்க இடம் இல்லை.

இப்போது ஒரு வழி தெரிகிறது. எங்கள் அப்பா வீட்டு மதிலோடு, இப்போது உங்கள் வீட்டு மதிலோடு, ஒரு கோயில் காணி பற்றையாகக் கிடக்கிறதல்லவா? அதில் வாடகைக்கு அலையும் குடும்பங்களுக்குச் சிறிய வீடுகள் கட்டிக் கொடுக்கலாம் என்று தேவாலயப் பங்குச் சுவாமி சொல்கிறார். ஒரு அறை, அதற்கு மேல் படுக்க ஒரு தட்டு, குசினி, குளியலறை, முன்னால் ஒரு சின்ன விறாந்தை. மாதாமாதம் கட்டினால் கடைசியில் சொந்தம். சமய வித்தியாசம் இல்லை. தையல் வேலை செய்யும் என் சிநேகிதி ஜெமீலாவும் பெயர் கொடுத்திருக்கிறா. என்னைக் குழுவுக்குச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள்.

அயலவர் சம்மதித்தால் மட்டும்தான் செய்வேன் என்பது சுவாமியின் முடிவு. அந்தக் காணிக்கு நீளமான எல்லை உங்கள் மதில்தான். அதனால் உங்கள் முடிவை எழுதுங்கள் அண்ணா.

பிள்ளைகள் மாமாவுக்கும் மாமிக்கும் முத்தம் அனுப்புகிறார்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
மெலனி


மொன்றியல்
18 பெப்ரவரி 2024

என் பாசமுள்ள தங்கச்சி மெலனிக்கு,

உன் கடிதம் கிடைத்து வாசித்து மனம் நிறைந்தது. நானும் கிறிஸ்டினும் நலம். முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே, வயது போனால் ஏதாவது ஒன்று நோகத்தான் வேண்டும்.

நீ செய்யப்போவது புண்ணியமான காரியம். சின்ன வீடு என்று வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? இங்கே படித்த டொக்டர்மாரே ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள். எங்கள் சனம்தான் ஹோல் பெரிதாக இருக்க வேண்டும், முன்னுக்குத் தூண் இருக்க வேண்டும் என்று கடைசிவரைக்கும் கட்டி முடிக்காத வீட்டுக்குள் காலத்தைக் கழிக்கிறது. ஒரு குடும்பம் மழைக்கு நனையாமல், யாருக்கும் பயப்படாமல் படுத்து எழும்புவதுதான் வீடு. அதற்கு என் மதில் தடையாக இருக்குமா?

என் முழுச் சம்மதம் உனக்கு உண்டு. சுவாமியிடமும் சொல்லு. ஜெயந்தனைக் கேட்டதாகச் சொல்லு. அவன் எனக்குக் கூடப் பிறக்காத தம்பி. அவனைப் போல ஒருவன் உனக்குக் கிடைத்ததற்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் நன்றி சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எழுது. கூட்டம் எப்போது? யார் யார் வருவார்கள்? எங்கள் முன்வீட்டுப் பிரகலாதன் மாஸ்டர் என்ன சொல்கிறார்?

உன் மேல் என்றும் மாறாத அன்புடன்,
அண்ணா இக்னேசியஸ்


திருகோணமலை
17 மார்ச் 2024

அன்பான அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. உங்களையும் அண்ணியையும் செபத்தில் நினைக்கிறோம்.

உங்கள் கடிதத்தை ஜெயந்தனுக்கு வாசித்துக் காட்டினேன். “கூடப் பிறக்காத தம்பி” என்ற இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய் முகம் கழுவினார். எங்கள் அப்பா இவருடைய குடும்பத்தைப் பற்றிச் சொன்ன சொல்லெல்லாம் உங்களுக்குத் தெரியும். வீட்டை உங்கள் பெயருக்கு எழுதினபோதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதை விடுங்கள்.

இங்கே எதிர்ப்பு நான் நினைத்ததைவிடக் கூட. வரைந்த வீட்டுப் படத்தைப் பார்த்துச் சனத்துக்கு விளங்கவில்லை. அதனால் போன ஞாயிறு பூசை முடிந்த பிறகு, ஜெயந்தனும் நானும் கோயில் முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை அதன் உண்மையான அளவிலேயே கீறினோம். குசினி இது, கட்டில் இது என்று எழுதியும் வைத்தோம். கதிரை மேசையும் கொண்டுவந்து போட்டோம். சனம் சுற்றி நின்று பார்த்ததே தவிர, கோட்டுக்குள்ளே கால் வைக்கவில்லை.

“இது வீடில்லை, பெட்டி” என்றார் பிரகலாதன் மாஸ்டர். “றோட்டுக் கரையில பெட்டி அடுக்கினது மாதிரி இருக்கும்.”

மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தா. “முகாமில தறப்பாளுக்குக் கீழ இருந்த அளவுதான் பிள்ளை இது. திரும்பவும் அதுக்குள்ள போகச் சொல்லுறீங்களோ?” பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, “இதைச் சீதனமாக் குடுத்தால் எந்த மாப்பிள்ளை வருவான்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஜெமீலா செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள்ளே போனா. குசினிக்குள் நின்றா, விறாந்தையில் நின்றா. பிறகு கதிரையில் இருந்துகொண்டு சொன்னா: “எனக்கு இது காணும். இப்ப நான் இருக்கிற வாடகை வீட்டில பெரிய ஹோல் இருக்குதான். ஆனா ஒரு ஆணி அடிக்கிறதுக்கும் வீட்டுக்காரன்ட வாயைப் பாக்கணும். இதில நான் நினைச்ச இடத்தில ஆணி அடிப்பன்.”

அதன் பிறகு நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள். கதிரையில் இருந்தும் பார்த்தார்கள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பொதுக் கூட்டம். அங்கே உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி எழுதின பகுதியை வாசிக்கப் போகிறேன். உங்கள் சொல்லுக்கு இந்த ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது. வாசிக்கலாம்தானே?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி மெலனி


மொன்றியல்
16 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் செபிக்கிறோம். இங்கே பனி கரைந்து எங்கே பார்த்தாலும் சேறு.

உன் கடிதம் கண்டேன். ஒரு சின்ன விடயம். அண்ணன் தங்கச்சி எழுதுகிற கடிதத்தைப் பொது இடத்தில் வாசிப்பது அழகில்லை. நீ அதை வாசிக்க வேண்டாம். எனக்குச் சம்மதம் என்று வாயால் சொன்னால் போதும். அதையும் யாராவது கேட்டால் மட்டும் சொல்லு. எதற்கும் அவசரப்படாதே. காணி எங்கேயும் ஓடிப்போகாது.

மருமக்களுக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணா


திருகோணமலை
5 மே 2024

அண்ணாவுக்கு,

நாங்கள் உடம்புக்குச் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு கூட்டம் நடந்தது. உங்களிடமிருந்து பதில் வராததால், வேண்டாம் என்றால் போனிலாவது சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தேன். கடிதத்தைக் கொண்டுபோனேன்.

மண்டபம் நிறையச் சனம். முதலில் எதிர்ப்புக் கதைகள்தான். பிறகு நான் எழும்பி உங்கள் எழுத்தை வாசித்தேன். “ஒரு குடும்பம் மழைக்கு நனையாமல், யாருக்கும் பயப்படாமல் படுத்து எழும்புவதுதான் வீடு.” மூதூர் அம்மா தலையை ஆட்டினா. சுவாமியின் முகம் மலர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணா.

அப்போது பிரகலாதன் மாஸ்டர் எழும்பினார்.

“தங்கச்சி, உந்தக் கடிதம் எப்ப வந்தது?”

“மாசி கடைசியில மாஸ்டர்.”

“இது போன கிழமை வந்தது” என்று போனை எடுத்தார். “அவர் வெளியில சொல்ல வேண்டாம் எண்டவர். ஆனா இந்தச் சபையில நான் ஒருத்தன் மட்டும் கெட்டவனா இருக்க ஏலாது.”

போனை மைக்குக்குக் கிட்டப் பிடித்தார். நீங்கள் பதிந்து அனுப்பின குரல் வந்தது. நான் எழுதாவிட்டாலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

“மாஸ்டர், நான் இக்னேசியஸ். இந்த விசயத்தில நீங்கள் மட்டும் விட்டுக் குடுக்கக் கூடாது. அந்தப் பெட்டியள் வந்துதெண்டால் எங்கட றோட்டு தேயிலைத் தோட்டத்து லயம் மாதிரிப் போயிரும். வீட்டை வாங்கக் கேக்கிற ஹோட்டல்காரர் மதிலால ஒருக்கா எட்டிப் பாத்தாப் போதும், வந்த வழியே போயிருவினம். மெலனிக்கு நான் ஓம் எண்டுதான் எழுதினனான். அவள் பாவம், அவளோட என்னத்தைக் கதைக்கிறது? எல்லாம் அவன் ஜெயந்தன்ர புத்தி. லயத்தில பிறந்தவனுக்கு அது மாளிகைதான். எங்கட ஆக்களுக்குக் காணுமோ? நான் சொன்னதெண்டு வரவேண்டாம். நீங்களாச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ.”

“லயம்” என்றபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெயந்தன் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் பின்னால் காற்றாடிச் சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முழுச் சனமும் திரும்பி அவரைப் பார்த்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் ஹட்டன் தோட்டத்திலிருந்து இவருடைய தாய் தகப்பன் உடுத்த துணியோடு இங்கே ஓடி வந்தபோது இவர் இடுப்பில் இருந்த பிள்ளை. அந்த ஊரை இவருக்கு ஞாபகம்கூட இல்லை.

அவர் நடந்து முன்னுக்கு வந்தார். என் கையில் இருந்த கடிதத்தை வாங்கி மடித்துத் தந்தார். “வா, பிள்ளையள் பசியோட இருக்கினம்” என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சாப்பிடவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: “உங்கட அண்ணர் ஒவ்வொரு கடிதத்திலயும் ஜெயந்தனுக்கு அன்பு, ஜெயந்தனுக்கு அன்பு எண்டு எழுதினவரே. அது ஆருக்கு எழுதினது?”

அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்புகிறேன். வீட்டை விற்கப் போவதையும் அந்த மண்டபத்தில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன்.

காணித் திட்டத்தைச் சுவாமி கைவிட்டுவிட்டார்.

மெலனி


திருகோணமலை
16 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

சுகமா? உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் எடுத்தால் அண்ணிதான் எடுக்கிறா, நீங்கள் வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறா. ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படித்தான் சொன்னா.

கடிதத்தை வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியது கூட்டம் முடிந்து இரண்டாவது கிழமை வந்து சேர்ந்தது. ஏன் அப்படி எழுதினீர்கள் என்று இப்போது விளங்குகிறது.

“அப்படிச் சொல்லிப்போட்டன்” என்று ஒரு வரி எழுதினாலே போதும்.

மெலனி


மொன்றியல்
14 ஜூலை 2024

அன்புள்ள மெலனிக்கு,

கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிக்கட்டும். நானும் உன் அண்ணாவும் சுகம் என்று எழுத வேண்டும், ஆனால் அவருக்குப் பிறசர் கூடிவிட்டது. டொக்டர் மனதை அலட்ட வேண்டாம் என்றிருக்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

கடிதம் வந்திருக்கிறதா என்று தினமும் கேட்கிறார். வந்ததைக் கொடுத்தால் உடைக்காமல் அலுமாரிக்கு மேல் வைக்கிறார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆம்பிளைகள் தங்களுக்குள் கதைக்கிற கதை அது. அந்த மாஸ்டர் அதைச் சபையில் போட்டிருக்கக் கூடாது. உன் மேலோ ஜெயந்தன் மேலோ இவருக்குக் கோபம் இல்லை. ஆனால் நீயும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாங்கள் இத்தனை வருடம் குளிரில் உழைத்துத் திருத்திக் கட்டின வீடு அது. பக்கத்தில் அப்படிச் சின்னச் சின்னதாக வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஊரில் எங்களை எப்படித் தெரியும் என்பது எங்களுக்கு முக்கியம் மெலனி. இங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

நடந்ததை மனதில் வைக்காதே. கூடப் பிறந்தவர்கள்.

அன்புடன்,
அண்ணி கிறிஸ்டின்


திருகோணமலை
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணாவின் பிறசர் இப்போது எப்படி? மருந்தை நேரத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள். உப்பைக் குறையுங்கள்.

எங்கள் விடயம் இதுதான். ஜெமீலாவின் மாமா முனாப் கப்பல்துறையில் கண்டி வீதிக்கு உள்ளே ஒரு காணியைத் தவணைக்குத் தர ஒத்துக்கொண்டார். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர், பட்டணத்தை விட்டுப் போக ஏலாது என்று விலகிவிட்டார்கள். மிஞ்சின நாங்கள் ஐந்து குடும்பம் கட்டத் தொடங்கியிருக்கிறோம். அதே படம், அதே அளவு. கதவு யன்னலுக்கான இரும்பு வேலை முழுவதும் ஜெயந்தன்தான் செய்கிறார். துறைமுகத்தில் வெல்டிங் வேலை முடித்துவிட்டு நேரே அங்கே போகிறார். எனக்குப் பாமசிக்கு இரண்டு பஸ் பிடிக்க வேண்டி வரும். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் தூரம்.

மூதூர் அம்மா வரவில்லை. அவவின் மகள் குடும்பம் வருகிறது.

ஆம்பிளைகள் கதைக்கிற கதை என்று எழுதியிருந்தீர்கள். என் கணவரும் ஆம்பிளைதான் அண்ணி. அன்றிலிருந்து அவர் பங்கு மண்டபத்துக்குள் காலடி வைக்கவில்லை. பூசைக்கு வெளியில் மரத்துக்குக் கீழே நிற்கிறார். இதை அண்ணாவுக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மெலனி


மொன்றியல்
20 ஒக்டோபர் 2024

பாசமுள்ள மெலனிக்கு,

நான் இப்போது நல்ல சுகம். பிறசர் இறங்கிவிட்டது. காலையில் நடக்கிறேன். இந்த வருடம் மேப்பிள் மரங்கள் நல்ல சிவப்பு. உனக்குப் படம் அனுப்பச் சொல்லிக் கிறிஸ்டினிடம் சொல்லியிருக்கிறேன்.

நத்தார் பண்டிகைக்கு நான் ஊருக்கு வருகிறேன், தனியாகத்தான். வீட்டு அலுவல் ஒன்று முடிக்க இருக்கிறது. ஹோட்டலில் தங்குவேன், உனக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டேன். பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொண்டு வருகிறேன். ஜெயந்தனுக்கு ஒரு நல்ல ஜக்கெட் வாங்கியிருக்கிறேன், மோட்டார் சைக்கிள் ஓடும்போது மழைக்கு உதவும்.

பழையதைக் கிளற வேண்டாம். வாழ்க்கை சின்னது.

என்றும் உன்,
அண்ணா


கப்பல்துறை
24 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றி எங்களிடம் வந்தது. சுகம் என்று அறிந்து நிம்மதி.

நாங்கள் போன கிழமை குடிபுகுந்துவிட்டோம். வாருங்கள். கண்டி வீதியில் இறங்கி ஜெமீலாவின் வீட்டைக் கேட்டால் காட்டுவார்கள். எங்கள் வீடு அதற்குப் பக்கம்.

மெலனி


கப்பல்துறை
19 ஜனவரி 2025

அண்ணாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக அண்ணி போனில் சொன்னா. பயணக் களைப்பு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது. முற்றத்துச் சேறு காய்கிறது.

நீங்கள் வாடகை வானால் இறங்கினபோது ஜெயந்தன்தான் முதலில் வந்தார். “வாங்கோ மச்சான்” என்றார். இளநீர் வெட்டித் தந்தார். நீங்கள் ஜக்கெட்டைக் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கி, அந்த வெயிலிலேயே போட்டுக் காட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எப்படி அதைச் செய்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. நீங்கள் போன பிறகு கேட்டேன். “வீட்டுக்கு வந்த மனிசர், பிறகு என்ன செய்யிறது?” என்றார். ஜக்கெட் அலுமாரியில் தொங்குகிறது. அதன் பிறகு இரண்டு தரம் மழையில் நனைந்துகொண்டு வேலையால் வந்தார்.

மீன் குழம்பு வைத்திருந்தேன். விறாந்தையில் இருந்து சாப்பிட்டீர்கள், இரண்டாம் தரம் சோறு கேட்டீர்கள். சுவரைத் தடவிப் பார்த்தீர்கள், யன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தீர்கள், மேல் தட்டை எட்டிப் பார்த்தீர்கள். “அருமையான வீடு மெலனி. காத்து என்ன மாதிரி வருது! இதைவிட ஒரு குடும்பத்துக்கு என்ன வேணும்?” என்றீர்கள். குரல்கூடக் கொஞ்சம் தளும்பியது.

மண்டபத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. வீட்டை ஹோட்டல்காரர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததைப் பற்றியும் நீங்கள் சொல்லவில்லை. பிரகலாதன் மாஸ்டர் பாமசியில் பிறகு சொன்னார். மதிலை இடித்துவிட்டார்களாம். பக்கத்துக் கோயில் காணியையும் வாகனம் நிறுத்துவதற்குக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம். தன் வீட்டுக்கு முன்னால் இரவு பகலாக லொறி நிற்கிறது என்று புலம்பினார். பிறசர் மருந்தைக் கொடுத்து அனுப்பினேன்.

காணி போனதற்கு நான் அழுது முடித்துவிட்டேன் அண்ணா. வீடு உங்களுடையது, விற்றீர்கள். நான் எழுத வந்தது வேறு. சின்ன வயதில் என் சட்டை வடிவு என்று நீங்கள் சொன்னால் அது எனக்கு வடிவுதான். நான் எழுதிய பரீட்சைக்கு “நீ பாஸ்” என்று சொன்னால் முடிவு வரும்வரை நிம்மதியாக நித்திரை கொள்வேன். எல்லோரும் எதிர்த்தபோது “ஜெயந்தன் நல்ல பெடியன்” என்று நீங்கள் ஒரு கடிதம் போட்டீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கலியாணம் முடித்தேன். இந்த வீட்டை நீங்கள் அருமை என்று சொன்னபோது, நான் எங்கேயும் போகாமல் உங்கள் முகத்துக்கு முன்னாலேயே நின்றேன். உண்மையாகவே பிடித்திருந்ததோ என்னவோ. நான் தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

வான் வீதிக்கு ஏறின பிறகு நிரோஷினி கேட்டாள்:

“அம்மா, மாமாக்கு எங்கட வீடு பிடிச்சதோ?”

“அருமையான வீடு எண்டு சொன்னவர், நீயும் கேட்டனிதானே.”

“ஓம், சொன்னவர்” என்றாள். “பிடிச்சதோ எண்டுதான் கேக்கிறன்.”



மெலனி